பிந்தி வந்த செய்திக்கு ஒரு மணித்தியாலம்

தெரு முனையிலேயே ஹோர்ன் அடித்து, வந்துகொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வரும் என் அருமை அப்பாவுக்கு,

உங்களுக்கு ஒரு பேத்தி பிறந்திருக்கிறாள். மற்றதெல்லாம் பிறகு. மூன்று மாதம் ஆகப்போகிறது, சுகமாக இருக்கிறாள். தலை நிறையச் சுருள் முடி. அது என் மாமனாரின் பங்கு. நிறம் என்னுடையது, அப்படியென்றால் உங்களுடையது. மூக்கு யாருடையது என்பதில் இந்த வீட்டில் இன்னும் முடிவு வரவில்லை.

நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்பீர்கள். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு, உதடு இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்போமே, அப்படி இருக்கிறேன். சாப்பிடுகிறேன். பால் கொடுக்கிறேன். உடுப்புத் தோய்த்து மடிக்கிறேன். அழுகை மட்டும் வரவில்லை. சித்தி கிரின்ஸ்டெட் ஊரில் இருந்து ஒவ்வொரு நாளும் போன் எடுத்து, "இண்டைக்காவது அழுதியோ பிள்ளை?" என்று கேட்கிறார். இல்லை என்று சொன்னால் எனக்காக ஜெபம் பண்ணுகிறார்.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள். அவர்களுக்கு உங்களைத் தெரியாது. கிளிநொச்சியில் பஸ் ஓட்டியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்தில் வேதம் வாசிப்பவர். அம்மா போன பிறகு தானே சமைத்துத் தானே சாப்பிட்டவர். டென்மார்க்குக்கு வாங்கோ என்று நானும் சித்தியும் எத்தனை தரம் கூப்பிட்டும், "இஞ்ச எனக்கு என்ன குறை?" என்று சிரித்தவர். அந்தக் குறையை நாங்கள் பிறகு தொலைக்காட்சியில் பார்த்தோம்.

என் கல்யாண விஷயத்தை உங்களுக்குச் சொன்ன நாள் நினைவிருக்கிறதா? நீங்கள் கொமினிகேசன் கடையில் வரிசையில் நின்று எடுத்த அழைப்பு. பின்னால் ஆட்கள் கதைப்பது எனக்குக் கேட்டது.

"பெடியன்ர பேர் என்ன?"

"யோனாஸ், அப்பா."

"யோனாவோ? மீனின்ர வயித்துக்குள்ள இருந்தவரோ?"

"அந்தப் பேர்தான்."

"டேனிஷ்காரனோ?"

"பிறந்து வளர்ந்தது இஞ்சதான். தாய் யூத மனுசி. தகப்பன் கானாவில இருந்து வந்தவர். ஆபிரிக்கர்."

  நீங்கள் மெதுவாகக் கேட்டீர்கள்.

"யூதர் எண்டால்... வேதத்தில வாற யூதரோ?"

"ஓம் அப்பா."

"அப்ப மாப்பிள்ளை இயேசுவின்ர சொந்தக்காரன் எல்லோ!" வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். "தாயின்ர பேர் என்ன?"

"ரூத்."

"எட, வேதத்தில ரூத் மருமகளெல்லோ? மாமி நகோமி. அங்க எல்லாம் தலைகீழாய்க் கிடக்குது." நன்றாகச் சிரித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டீர்கள். "தகப்பன் நல்ல கறுப்போ?"

"ஓம்."

"எங்களை விடவோ?"

"பார்த்துச் சொல்லுறன்" என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை கோபன்ஹேகனுக்குப் பக்கத்தில் ஹ்விடோவ்ரேயில் யோனாஸின் தாய் தகப்பன், என் மாமா மாமி வீட்டுக்குப் போனபோது, கூச்சத்தோடு இதைச் சொன்னேன். குவெசி மாமா சேட்டுக் கையை மடித்துவிட்டார். என் கையைப் பிடித்து இழுத்து, மேசை விளக்குக்குக் கீழே தன் கைக்குப் பக்கத்தில் வைத்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு குசினிப் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டார்.

"ரூத், இஞ்ச ஓடி வா! இவ்வளவு வருசமாய் இந்த வீட்டில கறுப்பன் எண்ட பேர் எனக்குத்தான் இருந்தது. இந்தப் பிள்ளை வந்து அதைப் பறிச்சுப்போட்டுது."

ரூத் மாமி ஈரக் கையோடு வந்து, புள்ளி விழுந்த தன் வெள்ளைக் கையையும் பக்கத்தில் வைத்தார். "என்னை ஒருத்தரும் போட்டிக்குச் சேர்க்கிறேல்லை" என்றார்.

அவர்கள் கதைப்பது டேனிஷ். நான் அதை நம்முடைய பேச்சில் எழுதுகிறேன். எனக்குள் அப்படித்தான் அது கேட்கிறது.

அடுத்த அழைப்பில் உங்களுக்குப் பதில் சொன்னேன்: "அவர் எங்களை விடக் கொஞ்சம் வெளிச்சம் அப்பா." கடைக்காரர் வந்து போனை வாங்கும்வரை சிரித்தீர்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் எடுக்கும்போதெல்லாம், என் சுகம் கேட்க முன்னம், "அவையின்ர கதை ஏதும் புதுசாய் இருக்கோ?" என்றுதான் கேட்டீர்கள். நான் சேர்த்து வைத்திருந்து சொன்னேன். வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டில் மாமி செய்யும் மீன் உருண்டை இனிக்கும், மாமா அதன்மேல் தன் ஊர்க் கறுப்பு மிளகாய்ச் சம்பலைக் குவிப்பார், மாமி ஒவ்வொரு கிழமையும், "என்ர பாட்டி இதைப் பார்த்தால் இன்னொருக்காச் சாவா" என்பார், மாமா, "நான் அவவின்ர மீனை உயிர்ப்பிக்கிறன்" என்பார் என்று சொன்னேன்.

யோனாஸ் பள்ளிக்கூடத்தில் நடித்த, கிறிஸ்து பிறப்பைப் பற்றிய நத்தார் நாடகக் கதை உங்களுக்கு மிகவும் பிடித்தது. வருசா வருசம் அவருக்கு மூன்று ராஜாக்களில் கறுப்பு ராஜா வேஷம்தான் கொடுத்தார்களாம். தாய் ஒரு நாள் ஆசிரியையிடம் போய், "இந்த வகுப்பில இருக்கிற ஒரே யூதப்பிள்ளை இவன்தான். மாட்டுத் தொழுவத்தில ராஜாவுக்கும் சொந்தம், குழந்தைக்கும் சொந்தம். ஏன் ஒரு வேஷத்தோட நிப்பாட்டுறீங்கள்?" என்று கேட்டாராம். ஆசிரியை பயந்து அடுத்த வருசம் அவருக்கு ஆட்டு வேஷம் கொடுத்தாராம்.

மாமாவும் உங்களைப் போல பஸ் ஓட்டியவர். கோபன்ஹேகனில். ஒரே ஒரு தரம் நீங்கள் இருவரும் ஆங்கிலத்தில் கதைத்தீர்கள். நான் பக்கத்தில் நின்றேன். உங்கள் பஸ்ஸில் கதவு தானாகத் திறக்குமா என்று மாமா கேட்டார். கதவே இல்லை என்று நீங்கள் சொன்னீர்கள். மாமா போனைக் கையால் பொத்திக்கொண்டு, "உன்ர அப்பா என்னைவிடப் பெரிய சாரதி" என்றார்.

கல்யாணத்துக்கு உங்களால் வரமுடியவில்லை. சண்டையால் பாதை மூடியிருந்தது. நகரசபையில் கையெழுத்து வைத்துவிட்டு ஒரு மண்டபத்தில் விருந்து வைத்தோம். மாமியின் ஆட்களுடைய வழக்கப்படி யோனாஸ் ஒரு கண்ணாடிக் கிளாசைத் துணியில் சுற்றிக் காலால் மிதித்து உடைத்தார். எல்லாரும் கை தட்டினார்கள். சித்திக்கு இது தெரியாது. "ஐயோ, கிளாஸ் உடைஞ்சு போச்சு, பிள்ளையளின்ர காலில குத்தும்" என்று எங்கேயோ இருந்து தும்புத்தடியைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். மாமா எழுந்து நின்றார். "என்ர மனுசியின்ர ஆக்கள் உடைக்கினம், மருமகளின்ர ஆக்கள் கூட்டினம். எங்கட ஆக்கள் முன்னோருக்கு எண்டு நிலத்தில குடி ஊத்துவினம். சித்தி, கொஞ்சம் பொறுங்கோ, மூண்டையும் ஒரேயடியாய்த் துடைக்கலாம்" என்றார். இதைச் சொன்னபோது நீங்கள் மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டீர்கள். ஏன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

வயிற்றில் பிள்ளை என்று உங்களுக்குச் சொன்னதுதான் நாங்கள் கடைசியாகக் கதைத்தது. கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டு வந்துவிட்டேன் என்றீர்கள். எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டேன். "ஆக்கள் நிக்கிற இடத்திலதான் நிக்கிறன்" என்றீர்கள். பிள்ளைக்கு உங்கள் பெயர்தான் வைப்பேன் என்று சொன்னேன். ஆணென்றாலும் பெண்ணென்றாலும் அருள்.

"அருளானந்தம் எண்டு நீட்டாமல் விட்டியே, அது போதும்" என்றீர்கள். பிறகு ஏதோ சொன்னீர்கள். இரைச்சலில் கேட்கவில்லை. என்ன சொன்னீர்கள் அப்பா?

அடுத்த வெள்ளிக்கிழமை, பிள்ளைக்கு உங்கள் பெயர்தான் என்று மேசையில் சொன்னேன். மாமி கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"உன்ர அப்பா உயிரோட இருக்கிறார்."

"ஓம் மாமி. அதுதான் வைக்கிறன்."

"உயிரோட இருக்கிறவையின்ர பேரை நாங்கள் பிள்ளையளுக்கு வைக்கிறேல்லை. மரண தூதன் வந்து பேரைக் கேட்டால், ஆளை மாறிக் கொண்டுபோவான்."

மாமா ஒரு உருண்டையை முழுதாக வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்: "அந்தத் தூதன் எங்கட ஊருக்கு வந்தால் அவனுக்கு விசர் பிடிக்கும். பிறந்த கிழமைதான் எங்களுக்குப் பேர். ஆம்பிளையளுக்கு ஏழு, பொம்பிளையளுக்கு ஏழு. ஞாயிற்றுக்கிழமை பிறந்தவன் எல்லாம் குவெசி. சந்தையில நிண்டு குவெசி எண்டு கூப்பிட்டால் பாதிச் சந்தை திரும்பும். அவன் ஆரைக் கொண்டுபோவான்?"

"அதாலதான் நீ இன்னும் இருக்கிறாய்" என்றார் மாமி.

எல்லாரும் சிரித்தோம். ஆனால் மாமி கரண்டியை மறுபடி எடுக்கவில்லை. இது என்ன மூடநம்பிக்கை என்று எனக்குக் கோபம்தான் வந்தது. அப்போது அது ஒரு பெயர்ச் சண்டை மட்டும்தான்.

பிறகு மே மாதம் வந்தது. உங்களிடமிருந்து ஒன்றுமில்லை. யாரிடமிருந்தும் ஒன்றுமில்லை. சண்டை முடிந்துவிட்டது என்று செய்தியில் சொன்ன அடுத்த நாள், நான் வேலை செய்யும் பண்டகசாலைக் கந்தோரில் ஒரு டேனிஷ் மனுசி என் மேசைக்கு வந்தார். "உங்கட நாட்டில சமாதானமாம், தில்லுக்கே" என்றார். தில்லுக்கே என்றால் வாழ்த்துகள். நல்ல மனுசி, உண்மையாகவே சந்தோசப்பட்டார். நான் "தக்" என்றேன். நன்றி சொன்னேன் அப்பா. சொல்லிவிட்டு, வைலே நகரிலிருந்து போகவேண்டிய பெட்டிகளின் இலக்கங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு இலக்கமும் பிழைக்கவில்லை.

அந்தக் கிழமை முடிவில் மாமாவும் மாமியும் ரயில் பிடித்து வந்தார்கள். மாமா கையில் பெரிய பானை. குசினியில் இருவருக்கும் வாக்குவாதம்.

"இது சாவீடு இல்லை, குவெசி. இவ்வளவு சோறு ஏன்?"

"சாவீடு எண்டு ஆர் சொன்னது? பிள்ளைத்தாச்சி சாப்பிடக் கூடாதோ?"

"நீ சமைக்கிற அளவைப் பார்த்தால் பிரேதம் எடுக்கிற மாதிரி இருக்குது."

நான் அப்போது விறாந்தையில் நிலத்தில் சுவரோடு சாய்ந்து இருந்தேன். மாமி எட்டிப் பார்த்தார்.  ஓடி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்தார். "எழும்பு! எழும்பு! நிலத்தில இருக்காதை! நீ இப்பவே இப்பிடி இருக்கக் கூடாது!" அவர்களில், சொந்தத்தைப் பறிகொடுத்தவர்கள்தான் தாழ இருப்பார்களாம்.

"மாமி, எனக்கு நாரி நோகுது. கதிரையில இருக்க ஏலாது. அதுதான் இருக்கிறன்."

மாமி என் கையை விடவில்லை. மாமா அகப்பையோடு வாசலில் நின்று சிரிக்கத் தொடங்கினார். "தமிழர் எல்லாரும் நிலத்தில இருந்துதான் சாப்பிடுவினம் ரூத். உன்ர கணக்கில அவை பிறந்த நாளில இருந்தே துக்கம்." மாமியும் சிரித்தார். நானும் சிரித்தேன். வாய் மட்டும் செய்த வேலை அது. மாமி ஒரு தலையணையைக் கொண்டுவந்து எனக்கும் நிலத்துக்கும் நடுவில் வைத்தார். இப்போது நிலத்தில் இல்லையாம்.

பிள்ளை ஓகஸ்ட்டில் ஒரு சனிக்கிழமை பிறந்தாள். ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடி வந்தது மாமாதான். பார்த்தவுடன், "அமா!" என்றார். சனிக்கிழமை பிறந்த பெண் அவர்களில் அமா. மாமிக்கு ஒரே பெருமை. அவர்களுக்குச் சனி ஓய்வு நாள், புனித நாள். அவர்களுடைய பாஷையில் தாய்க்கு இமா என்றும் சொன்னார். சித்தி மட்டும், "இதுகளில எனக்கு நம்பிக்கை இல்லை, எண்டாலும் போயும் போயும் சனிக்கிழமையோ?" என்று என் காதுக்குள் சொன்னார். சொல்லிவிட்டு உடனே ஜெபம் பண்ணினார்.

மாமா கட்டிலைச் சுற்றி நடந்து, "அமா, அமா" என்று அவளைக் கொஞ்சினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். நீங்கள் என்னைக் கூப்பிட்டது அப்படித்தான். பெயர் சொன்னதே இல்லை. அம்மா, அம்மா என்றுதான்.

இங்கே பிள்ளை பிறந்து ஆறு மாதத்துக்குள் பெயர் பதிய வேண்டும். யோனாஸ் ஒருநாள் கேட்டார். பிறகு பார்ப்போம் என்றேன். இன்னொரு நாள் கேட்டார். அதையே சொன்னேன். உங்கள் பெயரை வைத்தால் நீங்கள் இல்லை என்று ஆகிறது. வேறு பெயர் வைத்தாலும் நீங்கள் இல்லை என்று ஆகிறது. வைக்காமல் விட்டால்தான் நீங்கள் எங்காவது ஒரு முகாமில், ஒரு வரிசையில் நின்றுகொண்டிருக்கலாம். மாமி சொன்னபோது கோபப்பட்ட நான், இப்போது மாமியைவிட மோசமாக அந்தத் தூதனுக்குப் பயந்தேன்.

சித்தி விடவில்லை. "அத்தான் இருக்கிறார். விசுவாசத்தோட பேரை வை."

  ஒரு நாள் பிள்ளையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டிருந்த மாமி, என் பக்கம் திரும்பாமலே கதைக்கத் தொடங்கினார். அவருடைய பாட்டியின் தமக்கை ஒருத்தி கல்யாணம் செய்து பெர்லினுக்குப் போனவர். ஜெர்மன்காரர் யூதரைப் பிடித்துக்கொண்டு போன இரண்டாம் உலகச் சண்டையில் பாட்டியும் பிள்ளைகளும் மீன்பிடி வள்ளத்தில் சுவீடனுக்குத் தப்பிப் போனார்கள். சண்டை முடிந்து திரும்பி வந்தார்கள். தமக்கை வரவில்லை. இறந்த நாளும் இல்லை, இடமும் இல்லை.

"பாட்டி பார்த்துக்கொண்டே இருந்தா. வீட்டில எத்தனையோ பிள்ளையள் பிறந்திச்சினம். அந்தப் பேரை ஒருத்தருக்கும் வைக்க விடேல்லை. நான் பிறந்து கனகாலம் எனக்கும் பேர் இல்லை. பேபி எண்டுதான் கூப்பிட்டவையாம். ஒரு நாள் பாட்டி காலமை எழும்பி வந்து, சரி, வையுங்கோ எண்டு சொன்னாவாம்."

"தமக்கையின்ர பேர் என்ன மாமி?"

"ரூத்" என்றார்.

பிள்ளை ஏவறை விட்டுப் பால் கக்கியது. மாமி அதைத் துடைத்தார். "நீ ஆறுதலாய் வை. பேர் இல்லாமலும் பிள்ளை வளரும். என்னைப் பார்."

போன கிழமை தேவி அக்கா எடுத்தார். உங்கள் பக்கத்து வீட்டுத் தேவி அக்கா. முகாமிலிருந்து விட்டுவிட்டார்களாம், வவுனியாவில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் நிற்கிறார். என் இலக்கத்தை நீங்கள் அவருக்குச் சொல்லிப் பாடமாக்க வைத்திருந்தீர்களாம்.

"மாத்தளன் கடக்கரையில, பிள்ளை. சித்திரை மாசம். அப்பா கஞ்சிக்கு வரிசையில நிண்டவர். செல் விழுந்து வெடிச்சது. கன நேரம் இல்லை, வேதனைப்படேல்லை. மணலுக்குள்ளதான் வைச்சனாங்கள். துணி இல்லை, என்ர சீலை ஒண்டைச் சுத்தினனாங்கள். ஜெபமும் நான்தான் சொன்னனான், எனக்குத் தெரிஞ்ச மாதிரி."

நான் "ஓம் அக்கா" என்றேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன்.

"பங்கருக்குள்ள இருக்கேக்க உன்ர மாமா மாமியின்ர கதைதான் சொல்லுவார். அந்தக் கறுப்பு மனுசன் மிளகாய்ச் சம்பல் போட்டது, சித்தி தும்புத்தடியோட ஓடினது. சின்னனுகள் திரும்பத் திரும்பக் கேக்குங்கள். 'நான் இயேசுவுக்குச் சம்பந்தி முறை, எனக்குப் பக்கத்தில இருங்கோ' எண்டுவார். சிரிச்சனாங்கள் பிள்ளை. அந்த இடத்திலயும் நாங்கள் சிரிச்சனாங்கள்."

சித்திரை. பிள்ளை வயிற்றில் புரளத் தொடங்கிய மாதம். மே மாதம் நான் காத்திருந்தபோதும் நீங்கள் இல்லை. ஓகஸ்ட்டில் நான் பெயரை ஒளித்து வைத்தபோதும் இல்லை. யாருக்குப் பயந்து யாரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன் அப்பா?

அடுத்த நாள் காலையிலேயே மாமாவும் மாமியும் வந்தார்கள். மாமி வந்ததும், தங்கள் சாவீட்டு வழக்கப்படி, குளியலறைக் கண்ணாடியைத் துவாயால் மூடினார். துக்கம் காப்பவர்களுக்கு முதலில் கொடுப்பது என்று முட்டை அவித்தார். குசினியில் இருந்த சின்னக் கால்பலகையை எடுத்து விறாந்தை நடுவில் வைத்தார். "இப்ப இரு" என்றார்.

யோனாஸ் மெதுவாகச் சொன்னார்: "அம்மா, இவள் யூதப் பெண் இல்லையே."

"அது பலகைக்குத் தெரியுமோ?"

இருந்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். நெருங்கிய சொந்தம் செத்தால் ஏழு நாளாம். ஆனால் ஒரு மாதம் கழித்துப் பிந்தி வரும் செய்திக்கு ஒரு மணித்தியாலம் மட்டும்தானாம். மாமாவுக்கு இது பொறுக்கவில்லை. தன் ஊர்ச் சாவுக்கு உடுக்கும் கறுப்பும் சிவப்புமான துணியைக் குளிர்ச் சுவெட்டருக்கு மேலே சுற்றிக்கொண்டு நின்றார்.

"ஒரு மணித்தியாலமோ? ஒரு மனுசனுக்கோ? எங்கட ஊரில பந்தல் போடவே அதைவிடக் கூட நேரம் எடுக்கும்!"

"எங்கட ஆக்களுக்குப் பிந்தின செய்தி நிறைய வந்தது, குவெசி" என்றார் மாமி. "ஒவ்வொண்டுக்கும் ஏழு நாள் இருந்தால் எப்ப எழும்புறது?"

 மாமா ஒரு கிளாசில் கொஞ்சம் குடியை எடுத்தார். நிலத்தில் ஊற்ற வேண்டும், இது மூன்றாம் மாடி. சுற்றிப் பார்த்துவிட்டு யன்னலடியில் இருந்த பூச்சாடிக்குள் ஊற்றினார். ஊற்றும்போது தன் பாஷையில் உங்களோடு கதைத்தார். பஸ் என்ற சொல் மட்டும் எனக்கு விளங்கியது. அந்த நேரம் பார்த்துச் சித்தி உள்ளே வந்தார். மூடிய கண்ணாடியைப் பார்த்தார். பலகையில் இருந்த என்னைப் பார்த்தார். "பழைய ஏற்பாடுதானே, பரவாயில்லை" என்றார். பூச்சாடியைப் பார்த்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சத்தமாக ஜெபிக்கத் தொடங்கினார்.

ஒரு மணித்தியாலம் முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். முதலில் அது சூடாக இருந்தது, பிறகு ஆறிப்போனது.

முடிந்ததும் மாமி கை கொடுத்து என்னை எழுப்பினார். எழும்பியவர் வீட்டைச் சுற்றி ஒருமுறை நடக்க வேண்டுமாம், மறுபடி உலகத்துக்குள் வருவதற்கு. எல்லாரும் இறங்கினோம். நல்ல காற்று. யோனாஸ் பிள்ளை வண்டியைத் தள்ளினார், மாமா துணி பறக்காமல் பிடித்துக்கொண்டு வந்தார், சித்தி வேதப்புத்தகத்தோடு வந்தார். மாடிக்கட்டடத்தின் பின்பக்கம், சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில், மாமி வண்டியை நிறுத்தச் சொன்னார். குனிந்து போர்வையை விலக்கினார்.

"அஹுல்" என்றார்.

 எனக்கு முதலில் விளங்கவில்லை. டேனிஷ்காரருக்கு ர தொண்டைக்குள் இருந்துதான் வரும்.

"அஹுல்" என்றார் மறுபடியும். "இனி வைக்கலாம். அவர் கோபிக்கமாட்டார்."

"ரு, மாமி" என்றேன். "அருள்."

"அகுல்."

"தொண்டையில இல்லை. நாக்கு நுனி. அருள்."

மாமா முயன்றார். "அலூல்." யோனாஸ் முயன்றார். "அருல்." சித்திக்குப் பொறுக்கவில்லை. "ள்! நாக்கை உள்ளுக்கு மடிக்க வேணும்! அத்தான்ர பேரைக் கொல்லாதையுங்கோ!" நாயோடு போன ஒரு ஆள் எங்களைப் பார்த்து நின்று, வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். சுவெட்டருக்கு மேல் சாவுத் துணி சுற்றிய ஒரு ஆபிரிக்கர், ஒரு யூத மனுசி, வேதப்புத்தகத்தோடு ஒரு தமிழ் மனுசி, எல்லாரும் நாக்கை மடித்துக்கொண்டு.

தகப்பனின் பெயரைப் பிள்ளை வாயால் சொல்லும் பழக்கம் நமக்கு இல்லையே அப்பா. எனக்கு நீங்கள் எப்போதும் அப்பாதான். அந்தக் காற்றுக்குள் நின்று உங்கள் பெயரைச் சொன்னேன். அவர்களுக்கு வரவில்லை, மறுபடி சொன்னேன். மெதுவாக, பிறகு இன்னும் மெதுவாக, எழுத்துக் கூட்டிச் சொன்னேன். எத்தனை தரம் என்று தெரியாது. ஒரு தரம் ரு வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

மிச்சத்தைச் சித்தி சொன்னார்.

நேற்று பெயரைப் பதிந்துவிட்டோம். அமா அருள். மூக்குச் சண்டை தொடர்கிறது. பாதை ஒருநாள் திறக்கும் என்கிறார்கள். திறந்ததும் இவளை மாத்தளனுக்குக் கூட்டிக்கொண்டு வருவேன். தேவி அக்கா இடத்தைக் காட்டுவதாகச் சொன்னார். மணல்தானே பிள்ளை, இடம் மாறியும் இருக்கும் என்றும் சொன்னார். மாறியிருந்தாலும் வருவேன். இவள் அங்கே நின்று தன் பெயரைத் தன் வாயால் உங்களுக்குச் சொல்லுவாள். ள் சரியாக வரும்வரைக்கும் நான் விடமாட்டேன்.

உங்கள் ஒரே மகள்,
அருளின் அம்மா